கார்கோ டிரெய்லரைக் குடும்பக் கேம்பராக்குவது: அளவு, கதவு, எடை, படுக்கை

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் நான்கு பேர் குடும்பம், சரக்கு ஏற்றும் பெட்டி டிரெய்லரை வாங்கிக் கேம்பராக, அதாவது தூங்கிச் சமைத்துப் பயணிக்கும் இடமாக, மாற்ற நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் வண்டியின் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூண். அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கும். அதுதான் பேலோடு. "5,000 பவுண்டு இழுக்கும்" என்ற விளம்பர எண்ணை நம்பி டிரெய்லர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன எண்ணில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். எஸ்.யூ.வி.யின் ஸ்டிக்கரில் 1,250 பவுண்டு இருக்கிறது. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 500. டிக்கியில் கூலர், பைகள் 150. பின்பக்கச் சுமையை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கருவி) 90. மீதி 510. டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறார்கள். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். நடுவில் 13 சதவீதம் என்று வைத்தால் 510 பவுண்டு என்பது சுமார் 3,900 பவுண்டு டிரெய்லருக்குத்தான் சரி. ஐயாயிரம் இழுக்கும் என்று சொன்ன வண்டி, குடும்பம் ஏறி உட்கார்ந்தபின் நான்காயிரத்தைக்கூடத் தொடவில்லை.

வண்டியோடு வந்த கையேட்டில் இன்னொரு எண்ணையும் தேடுங்கள்: டிரெய்லரின் முன்முகப் பரப்பு இத்தனை சதுர அடிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு. 7 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள பெட்டி 49 சதுர அடி. எடை சரியாக இருந்தும், காற்றின் எதிர்ப்பால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சூடேறுவது இதனால்தான். முன்பக்கம் ஆப்பு வடிவில் கூராக இருக்கும் வி-நோஸ் பெட்டி இதை ஓரளவு குறைக்கும், முழுக்கத் தீர்க்காது.

நான்கு அளவுகள்

6×12 (அடிக்கணக்கில் அகலம் × நீளம்), ஒற்றை அச்சு. அச்சு 3,500 பவுண்டு தாங்கும், ஆனால் தகட்டில் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 2,990 என்று அடித்திருப்பார்கள். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஒன்டாரியோவில் 1,360 கிலோ, ஏறக்குறைய அதே எடை. பிரேக் இல்லாமல் விற்பதற்காக வைத்த எண்தான் 2,990. காலி எடை 1,300 முதல் 1,600 பவுண்டு. சியன்னா, ஒடிசி போன்ற 3,500 பவுண்டு இழுக்கும் மினிவேன்களுக்கு இதுதான் எல்லை. உள்ளே அகலம் 70 அங்குலத்துக்குள் அடங்கிவிடுவதால் உயரமானவர் குறுக்கே கால் நீட்டிப் படுக்க முடியாது. இருவரும் ஒரு கைக்குழந்தையும் என்றால் சரி. நால்வருக்கு என்றால் இருவர் வெளியே கூடாரத்தில் படுக்க வேண்டும். இதை வாங்கினாலும் மின் பிரேக் போட்டுத் தரச் சொல்லுங்கள். மலைச் சரிவில் இறங்கும்போது அது ஆடம்பரம் இல்லை என்பது புரியும்.

7×14, இரட்டை அச்சு. இரண்டு 3,500 பவுண்டு அச்சுகள், மொத்த வரம்பு 7,000. காலியாக 2,300 முதல் 2,700. கவனமாகக் கட்டினால் தண்ணீரும் சாமானும் ஏற்றி 4,000 பவுண்டில் நிறுத்தலாம். ஹைலேண்டர், நான்கு சக்கர இழுவையுள்ள பைலட் போன்ற 5,000 பவுண்டு வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு நேர்மையாகப் பொருந்தும் பெரிய அளவு இது.

7×16. வெறும் இரண்டு அடிதான் கூடுதல். அந்த இரண்டு அடியில்தான் கழிப்பறை அலமாரி வரும், அல்லது படுக்கையை மடிக்காமலே சாப்பாட்டு மேசை நிற்கும். ஆனால் ஏற்றி முடித்தால் 4,700 முதல் 5,200 வரை போகும். பேலோடு அதிகமுள்ள பிக்கப் அல்லது பெரிய எஸ்.யூ.வி. இருந்தால் தயங்காமல் இதையே எடுக்கலாம். நால்வருக்கு இதுவே நிறைவான அளவு. வண்டி எல்லையில் இருந்தால் 14 அடியோடு நில்லுங்கள்.

8.5×20. 102 அங்குலம் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பொதுவாக அனுமதிக்கப்படும் அதிகபட்ச அகலம். இது அதைத் தொட்டு நிற்கிறது. 7 அடிப் பெட்டிக்குச் சக்கரங்கள் வெளியே துருத்தி நிற்பதால் சாலையில் அதன் மொத்த அகலமும் ஏறக்குறைய இதேதான். ஆனால் 8.5 அடியில் சக்கரக் குமிழ்கள் அறைக்குள் வந்துவிடும். படுக்கையும் அடுப்பும் அவற்றைச் சுற்றித்தான் அமைய வேண்டும். ஏற்றிய எடை 6,500-க்கு மேல் எளிதாகப் போய்விடும் என்பதால் 3,500 பவுண்டு அச்சுகளோடு வாங்கினால் வரம்பு இடிக்கும். 5,200 பவுண்டு அச்சுகள் கேட்க வேண்டும், நல்ல பேலோடு உள்ள பிக்கப்பும் வேண்டும். ஐந்தாறு பேர், அல்லது மாதக்கணக்கில் பயணம் என்றால் தவிர இது தேவையில்லை.

மாற்றுவதா, பழைய டிராவல் டிரெய்லர் வாங்குவதா

பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மாற்றும் வேலையில் இறங்க வேண்டாம். புதிய 7×16 பெட்டி சுமார் 7,000 முதல் 10,000 டாலர். உள்வேலைக்கான பொருள்கள் ஏறத்தாழ அதே அளவை நெருங்கும். அந்தத் தொகைக்கு அடுக்குக் கட்டில், குளியலறை, வெந்நீர், ஹீட்டர் எல்லாம் உள்ள பழைய டிராவல் டிரெய்லர் கிடைக்கும். தினமும் உள்ளேயே குளிக்க வேண்டும், வயதான பெற்றோரும் கூட வருவார்கள், அடுத்த மாதமே கிளம்ப வேண்டும் என்ற குடும்பத்துக்கு அதுதான் சரியான வழி. பெட்டியைக் குளியலறையுள்ள வீடாக்க முயல்வது எடையையும் நேரத்தையும் தின்றுவிடும்.

பழைய டிராவல் டிரெய்லரின் பலவீனம் அதன் எலும்புக்கூடு. பல மலிவு மாடல்களில் சுவர்ச் சட்டம் மெல்லிய மரம், கூரையில் ஏ.சி., ஃபேன், காற்றுக்குழாய், ஸ்கைலைட் என்று ஏழெட்டு ஓட்டைகள். ஒவ்வொன்றின் சீலண்டையும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்க்காவிட்டால் மூலைகள் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வாங்கப் போனால் நான்கு மூலைகளிலும் தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள், ஜன்னல்களுக்குக் கீழே ஈரமானியை வையுங்கள். கார்கோ டிரெய்லரின் சட்டம் இரும்புக் குழாய், கூரை ஒட்டில்லாத ஒரே அலுமினியத் தகடு, ஓட்டை போடுவது நீங்களே. சைக்கிள்கள், கயாக், பெரிய அடுப்பு எல்லாம் பின்கதவு வழியே உள்ளே போகும். வெளியே விளையாட்டும் சமையலும், உள்ளே தூக்கமும் மழைக்கு ஒதுக்கமும் என்று வாழும் குடும்பத்துக்கு இதுவே பொருந்தும்.

ஆர்டர் தாளில் முடிவாக வேண்டியவை

பணத்தைச் செலவழிக்க மிகச் சரியான இடம் தொழிற்சாலைக்குப் போகும் ஆர்டர் தாள். அங்கே சில நூறு டாலரில் முடியும் விஷயத்தைப் பிறகு செய்யப்போனால் இரும்பை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும்.

உயரம் முதல் விஷயம். வழக்கமாக வரும் உள்ளுயரம் 6 அடி 3 அங்குலம் அல்லது 6 அடி 6 அங்குலம். 7 அடி கேளுங்கள். அடுக்குக் கட்டிலில் கணக்குப் போட்டால் காரணம் தெரியும்: கீழ் மெத்தையின் மேற்பரப்பு தரையிலிருந்து 20 அங்குலம், மேல் மெத்தையின் மேற்பரப்பு 54 அங்குலம். 7 அடியில் மேலே 30 அங்குலம் மிஞ்சும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். 6 அடி 3 அங்குலத்தில் 21 அங்குலம்தான். புரண்டு படுக்கலாம், அவ்வளவே. தரைக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் போட்டால் இதிலும் இரண்டு அங்குலம் போகும்.

பக்கக் கதவு. சரக்குப் பெட்டிகளுக்கு வரும் நீளக் கம்பிப் பூட்டு வெளியிலிருந்து பூட்டுவதற்கானது. உள்ளே இருப்பவர் திறக்க முடியாது. மனிதர் தூங்கும் பெட்டியில் அது ஆபத்து. உள்ளிருந்து திறக்கும் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) பூட்டுள்ள கதவு கட்டாயம். அது சமையலிடத்துக்கு எதிர்முனையில் இருந்து, இன்னொரு முனையில் ஆள் வெளியேறும் அளவு ஜன்னலோ உள்ளிருந்து திறக்கும் பின்கதவோ இருக்க வேண்டும்.

பின்பக்கம் ராம்ப் கதவா, இரட்டைக் கதவா? ராம்ப் கீழே சாய்ந்தால் திண்ணை மாதிரி ஆகும், மிதிவண்டி உருட்டி ஏற்றலாம். ஆனால் எடை அதிகம். கீழ்க்கீல் ஓரமாகத் தண்ணீரும் குளிர்காற்றும் நுழையும். ஸ்பிரிங்கின் இழுவைக்கேற்ப எடை சமன் செய்யப்பட்ட அந்தப் பலகையில் கனமான இன்சுலேஷன் ஒட்டினால் தூக்குவது கடினமாகும். சைக்கிளும் கயாக்கும் மட்டும்தான் சரக்கு என்றால் இரட்டைக் கதவு போதும். இலேசு, சீல் செய்வதும் சுலபம். மோட்டார் சைக்கிள் ஏற்றுகிறவர்களுக்கே ராம்ப்.

சுவர், தரைச் சட்டங்கள் பல மாடல்களில் 24 அங்குல இடைவெளியில் வரும். 16 அங்குலம் கேட்டால் கட்டில்களையும் அலமாரிகளையும் திருகி மாட்டத் தோதான இடத்தில் இரும்பு கிடைக்கும். கூரை ஃபேனுக்கு 14×14 அங்குலச் சட்டமிட்ட ஓட்டை ஒன்று, ஏ.சி. வேண்டுமானால் இன்னொன்று, இரண்டையும் தொழிற்சாலையிலேயே போடச் சொல்லுங்கள். பிறகு வெட்டினால் கூரைச் சட்டம் குறுக்கே நிற்கும். அச்சு விஷயத்தில் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டை வில்) மலிவு, எந்த ஊர்க் கடையிலும் பழுது பார்க்கலாம். டார்ஷன் அச்சு (உள்ளே ரப்பர் முறுக்கத்தில் இயங்குவது) அதிர்வைக் குறைக்கும், அலமாரித் திருகுகள் தானாகக் கழலுவது குறையும். முடிந்தால் டார்ஷன். நிறம் வெள்ளை அல்லது வெள்ளி. கறுப்புப் பெட்டி பார்க்க அழகு. டெக்சாஸ் வெயிலில் அதன் உள்ளே எந்த ஏ.சி.யும் திணறும்.

சுவருக்குள் என்ன

பெரும்பாலான மாற்றங்கள் கெட்டுப்போவது இங்கேதான். இரும்புத் தூண் வெளித்தகட்டின் குளிரை அப்படியே உள்ளே கடத்தும். நால்வர் மூச்சும் சோறு கொதிக்கும் ஆவியும் இட்லிப் பானையின் ஆவியும் போய் அந்தக் குளிர்ந்த இரும்பில் நீராகப் படியும். சுவருக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் பூஞ்சை பூக்கும்.

கண்ணாடிநார்ப் பஞ்சு வேண்டாம். ஓட்டத்தின் அதிர்வில் அமுங்கி அடியில் சேரும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சமிருப்பவை மூன்று. எக்ஸ்.பி.எஸ். என்ற ஃபோம் பலகை அங்குலத்துக்கு ஆர்-5 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு), தண்ணீர் குடிக்காது, கையால் வெட்டலாம். பாலிஐசோ என்ற ஃபோம் பலகை அங்குலத்துக்கு ஆர்-6 அளவு, ஆனால் கடுங்குளிரில் அந்தத் திறன் குறையும். மூடிய செல் ஸ்பிரே ஃபோம் இடுக்கெல்லாம் நிரப்பி ஒட்டிக்கொள்ளும். செலவு அதிகம், பின்னால் மின்கம்பி மாற்ற வேண்டுமென்றால் சுரண்ட வேண்டும். பெரும்பாலோருக்கு எக்ஸ்.பி.எஸ். போதும். தொழிற்சாலை ப்ளைவுட்டைக் கழற்றி, தூண்களுக்கு நடுவே இறுக்கமாகப் பலகையை வைத்து, விளிம்புகளை விரிவு குறைந்த ஃபோமால் அடைத்து, பிறகு தூண்களின் முகத்தையே மூடும்படி அரை அங்குலப் பலகை ஒன்றைச் சுவர் முழுக்க ஒட்டுங்கள். குளிர்ப் பாலத்தை முறிப்பது இந்தக் கடைசி அரை அங்குலம்தான். இதில் இரு பக்கமும் சேர்த்து ஓர் அங்குல அகலம் போகும். அதைப் படுக்கைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்ப மூடும்போது எடையைப் பாருங்கள். முக்கால் அங்குல ப்ளைவுட் ஒரு முழுப் பலகை சுமார் 65 முதல் 70 பவுண்டு. கால் அங்குலம் 20-ஐ ஒட்டி. அலமாரி முழுக்க முக்கால் அங்குலத்தில் செய்தால் 300 பவுண்டு கூடுவது தெரியாமலே நடக்கும். சட்டம் மட்டும் கனமாக, முகப்புகள் மெல்லியதாக இருக்கட்டும். கூரையில் ஃபேன் பொருத்தும்போது அடியில் ப்யூட்டைல் டேப், மேலே தானாகப் பரவும் லேப் சீலண்ட். சிலிக்கோன் வேண்டாம், பின்னர் அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது.

படுக்கை

7 அடிப் பெட்டியின் உள் அகலம் சட்டமும் ப்ளைவுட்டும் போக சுமார் 80 அங்குலம். மேலே சொன்ன பலகையும் சேர்ந்தால் 79. 6 அடி 2 அங்குலம் வரை உள்ளவர் குறுக்கே படுக்கலாம். அதற்கு மேல் உயரமானவர் நீளவாக்கில்தான். பின்பக்கம் குறுக்காக நிலையான பெரிய படுக்கையும் அதன் அடியில் சைக்கிள், கரி அடுப்பு வைக்கும் கிடங்கும் என்பது ஒரு வழி. மேசையை இறக்கிப் படுக்கையாக்குவது இன்னொரு வழி. இடம் மிச்சம்தான், ஆனால் மழை நாளில் ஒருவர் சீக்கிரம் தூங்க வேண்டுமென்றால் எல்லோரும் எழ வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இது இரண்டாவது நாளிலேயே அலுத்துவிடும். பிள்ளைகளுக்கு 28 அங்குல அகலத்தில் நிலையான அடுக்குக் கட்டில், பெற்றோருக்கு மடிக்கும் சோபாக் கட்டில் என்ற ஏற்பாடுதான் 14 அடியில் சிறந்தது. மேல் கட்டிலின் தடுப்பு மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் உயர வேண்டும், கம்பி இடைவெளிகள் மூன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை மேலே படுக்கக் கூடாது. ஓடும்போது யாரும் டிரெய்லருக்குள் இருக்கக் கூடாது.

மின்சாரம், குளிர்ச்சி, சூடு

12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி இழுக்கும். ஃபேன், விளக்கு, போன்கள், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 800 வாட்-மணியை ஒட்டி வரும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 1,280 வாட்-மணி. ஒன்றரை நாள் தாங்கும். 200 வாட் சோலார் நல்ல கோடை வெயிலில் ஏறக்குறைய செலவை ஈடுகட்டும், மர நிழலில் கட்டாது. வார இறுதிப் பயணம் மட்டும் என்றால் கையில் தூக்கும் பவர் ஸ்டேஷன் போதும். கம்பி வேலை இல்லை, வீட்டில் மின்சாரம் போனாலும் உதவும். நீண்ட பயணத்துக்கு நிலையான பேட்டரி. அதன் நேர்முனையில் ஓரடிக்குள் ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். வண்டியின் ஏழு முள் (7-pin) மின் இணைப்பிலிருந்து நேராக லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள், நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே இந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் கெடும், ஆகவே அதை உள்ளேயே வையுங்கள்.

ஏ.சி.யை இந்தப் பேட்டரியில் ஓட்ட முடியாது. 13,500 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) கூரை ஏ.சி. 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் மேலே சொன்ன பேட்டரி காலி. மின் இணைப்புள்ள முகாமிடம் அல்லது ஜெனரேட்டர் இருந்தால்தான் ஏ.சி. 5,000 பி.டி.யு. ஜன்னல் ஏ.சி. 450 வாட்டில் இரவைச் சமாளிக்கும், பிற்பகல் வெயிலைச் சமாளிக்காது.

சூட்டுக்கு, உள்ளே திறந்த சுடரில் எரியும் புரோப்பேன் ஹீட்டரைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி அறைக்குள் சேரும், கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு. வெளிக்காற்றை இழுத்து வெளியே புகைவிடும் டீசல் ஹீட்டரோ புரோப்பேன் ஃபர்னஸோதான் தூங்கும் இடத்துக்கு ஏற்றது. 7×14-க்கு 2 கிலோவாட் போதும். 5 கிலோவாட் வாங்கிச் சிறு தீயிலேயே ஓட்டினால் டீசல் ஹீட்டருக்குள் கரி படியும். எது வைத்தாலும் புகை, கார்பன் மோனாக்சைடு அலாரங்கள் இருக்க வேண்டும். புரோப்பேன் அலாரத்தைத் தரைக்கு அருகே மாட்டுங்கள், அந்த வாயு காற்றைவிடக் கனமானது.

தண்ணீர், கழிப்பறை, எடை பார்ப்பது

20 கேலன் தண்ணீர் 167 பவுண்டு. தொட்டியை அச்சுகளுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பின்முனையில் வைத்தால் தொட்டி நிரம்பும்போது மூக்கு தூக்கும். சமையலிடம், பேட்டரி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் ஒரே பக்கச் சுவரில் அடுக்கினால் டிரெய்லர் சாய்ந்து அந்தப் பக்க டயர்கள் சீக்கிரம் தேயும். கழிப்பறைக்குக் கையடக்கக் கேசட்: 5 கேலன் தொட்டி நால்வருக்கு இரண்டு மூன்று நாளில் நிரம்பும், டம்ப் ஸ்டேஷன் எனும் கழிவு கொட்டும் இடத்தில் கொட்ட வேண்டும். கம்போஸ்டிங் கழிப்பறை இருவருக்கு நல்லது. நால்வர் என்றால் சிறுநீர்க் குடுவையைத் தினமும் காலி செய்ய வேண்டும். குளியலுக்கு வெளியே கூடாரமும் 12 வோல்ட் பம்பும் போதும்.

கட்டி முடித்து எல்லாம் ஏற்றியபின் லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT) எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். வண்டியின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று தனித்தனியாக எண் தருவார்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் மறுபடி நிறுத்தினால், இரண்டு முறையும் வண்டி காட்டும் எடைக்குள்ள வித்தியாசம்தான் டங் வெயிட் (முதல் முறை சுமை பகிரும் ஹிட்ச்சைத் தளர்த்தி வைத்திருந்தால்). சக்கர நட்டுகளை முதல் 50 மைலில் மறுபடி முறுக்கிப் பார்ப்பதும் இதே நாளில் முடியட்டும்.

காகிதங்கள்

பெட்டி சரக்கு டிரெய்லராகத்தான் பதிவாகியிருக்கும். சில மாநிலங்கள் சோதனைக்குப் பின் கேம்பர் என்று மாற்றித் தரும். சில மாநிலங்களில் மாற்றாமலே விடலாம். காப்பீடு இதைவிடச் சிக்கல்: சரக்கு டிரெய்லருக்கான பாலிசி உள்வேலையின் மதிப்பை மூடாமல் போகலாம். வேலை தொடங்கும் முன்பே முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, ரசீதுகளையும், சுவர் மூடும் முன் மின்கம்பிகளைப் படமெடுத்த புகைப்படங்களையும் சேர்த்து வையுங்கள். சில தனியார் ஆர்.வி. பார்க்குகள் ஆர்.வி.ஐ.ஏ. (ஆர்.வி. தொழில் சங்கம்) முத்திரை இல்லாத வண்டியை ஏற்காது. மாநில, தேசிய, மாகாணப் பூங்காக்களின் முகாமிடங்களில் பொதுவாகக் கேட்பது நீளம் மட்டுமே. முன்பதிவில் ஹிட்ச்சிலிருந்து பின்முனை வரையுள்ள நீளத்தைப் போடுங்கள். 16 அடிப் பெட்டி, வி-நோஸும் முன்கம்பியும் சேர்ந்தால் 20 அடியைத் தாண்டும்.